சைரன் அடிக்கவா?

ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க அண்ணாச்சி. ஆமா, அந்தச் சைடு பட்டனை அமுக்கிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். இப்ப விடுங்க. ஆங், வந்துட்டுல்லா? அவ்வளவுதான் விஷயம். உலகத்துல பாதி ரிப்பேர் இப்படித்தான் சரியாகுது. என்ன கோளாறுன்னு கேட்டா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரியாயிருச்சு, பிறகு என்ன கேள்வி?

இல்ல இல்ல, செல்போன் கடையெல்லாம் இல்ல. நான் புரோகிராம் எழுதுதவன். பேரு நயினார். தூத்துக்குடியேதான். கம்பெனி கிம்பெனி ஒண்ணும் கிடையாது, ஒத்தை ஆளு, வீட்டு மாடியில ரெண்டு கம்ப்யூட்டர். பதினாறு வருஷமா இதுதான் தொழில். உப்பளத்து எடைமேடை, ஐஸ் பிளான்ட்டு, மீன் கம்பெனின்னு நம்ம கடற்கரையில என் புரோகிராம் இல்லாத இடம் கம்மி. பெருமைக்குச் சொல்லல, என் புரோகிராம் நின்னுபோச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னது கிடையாது. நிக்காது. ஓடும். அந்த இறால் கம்பெனியிலயும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அதை எந்தப் பேப்பர்லயாவது எழுதினானா பாருங்க.

நீங்களும் படிச்சிருப்பீங்க. போன வருஷம் ஜூலை. இறால் கம்பெனியில கேஸ் லீக், ஒரு பொம்பளை செத்துட்டாங்க, ஒன்பது பேரு ஆஸ்பத்திரியில. ஆமா, அதேதான். அந்த விசாரணைக்குத்தான் இப்ப இந்த பஸ்ல மதுரைக்குப் போறேன். பதினோரு மணிக்கு, தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆபீஸ்ல. என்னைச் சாட்சியாக் கூப்பிட்டிருக்காங்க. தொழில்நுட்ப சாட்சின்னு நோட்டீஸ்லயே அடிச்சிருக்கு, காட்டட்டுமா? வேண்டாமா, சரி.

குத்தம் சாட்டியிருக்கது பலவேசம் அண்ணாச்சி மேல. அவருதான் அங்க கம்ப்ரஸர் ஆபரேட்டர். அலட்சியத்தால மரணம்னு கேஸு. இன்னைக்கு விசாரிச்சு எழுதுததை வச்சுதான் மேல கோர்ட்டுக்குப் போகும், உள்ள போட்டாலும் போட்டுருவாங்க. அந்த ஆளுக்குக் கண்ணு வேற ரெண்டும் போயிட்டு.

நான் அவருக்கு விரோதி இல்ல அண்ணாச்சி. அதை முதல்லயே சொல்லிருதேன். கேக்கவங்க அப்படி நினைச்சிரக் கூடாது.

இறால் கம்பெனின்னா உள்ள என்ன நடக்கும்னு தெரியுமா? உரிக்கணும், கழுவணும், உறைய வைக்கணும். உறைய வைக்கதுக்கு அமோனியா கேஸு. குழாய்க்குள்ள இருக்க வரைக்கும் அது குளுமை. வெளிய வந்துச்சோ, கண்ணு, தொண்டை, நெஞ்சு எல்லாத்தையும் எரிச்சிரும். அதனால நாலு இடத்துல சென்சார் வச்சிருக்கு. காத்துல எவ்வளவு கேஸு கலந்திருக்குன்னு அது நம்பரா அனுப்பும். அந்த நம்பரை வாங்கிப் பாத்து, கூடுனா சொல்லணும். அதுக்குத்தான் என் புரோகிராம்.

முதல்ல எழுதிக் கொடுத்தது சாதாரண புரோகிராம். கம்ப்ரஸர் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர், அந்தத் திரையில பெரிய எழுத்துல நம்பர். பதினஞ்சு, பதினெட்டு, இருபதுன்னு ஆடிக்கிட்டே இருக்கும். இருபத்தஞ்சைத் தாண்டினா திரை நடுவுல ஒரு பெட்டி வந்து நிக்கும். ‘அமோனியா கூடியிருக்கு. சைரன் அடிக்கவா?’ கீழ ரெண்டு பட்டன். ஆம், இல்லை. அவ்வளவுதான்.

அதென்ன கேட்டுக்கிட்டு, தானா அடிக்கக் கூடாதாங்கீங்க. எல்லாரும் இப்ப இதைத்தான் கேக்காங்க. முதல்ல தானாத்தான் அடிச்சுது. தினமும் காலையில பத்தரை மணிக்கு கம்ப்ரஸர்ல எண்ணெய் வடிப்பாங்க. வடிக்கையில கொஞ்சம் கேஸு வெளிய வரும், அது சகஜம். உடனே சைரன் கூப்பாடு போடும். இருநூறு பொம்பளைங்க கையில இருக்க இறாலைப் போட்டுட்டு கேட்டுக்கு ஓடும். மேனேஜர் ஞானதாஸ் சார் தலையில அடிச்சுக்கிட்டாரு. “நயினார், மனுசன் ஒருத்தன்கிட்டக் கேட்டுட்டு அடிக்கச் சொல்லும்வே உம்ம புரோகிராமை”ன்னாரு. சரின்னு அந்தக் கேள்வியை வச்சேன். பதில் வர்ற வரைக்கும் புரோகிராம் அங்கனயே நிக்கும். அடுத்த நம்பரைக்கூட வாங்காது. ஆபரேட்டர் அசட்டையா விட்டுரக் கூடாதுல்லா? பொறுப்பா யோசிச்சுத்தான் எழுதினேன்.

ரெண்டு வருஷம் ஒரு குறை கிடையாது. எண்ணெய் வடிக்கும்போது பெட்டி வரும், பலவேசம் அண்ணாச்சி கையைத் துணியில துடைச்சுக்கிட்டு வந்து ‘இல்லை’ன்னு அழுத்துவாரு, போவாரு. எட்டாங்கிளாஸ் படிப்பு. இருபத்துநாலு வருஷமா அதே கம்ப்ரஸர்தான். என்னை சார்ம்பாரு. மத்தியானம் நான் அங்க போனா விட மாட்டாரு, தூக்குவாளி மூடியில சோறு போட்டு, பொரிச்ச மீனு ரெண்டுல பெரியதை என் பக்கம் தள்ளுவாரு. நல்ல மனுசன். நல்ல மனுசன்னா வேலையில தப்பு நடக்காதுன்னு இருக்கா?

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்துச்சு. ரெண்டு மாசம் படகு போகாது, கம்பெனி சும்மா கிடக்கும், எல்லா மராமத்தும் அப்பத்தான் பாப்பாங்க. ஞானதாஸ் சார் என்னைக் கூப்பிட்டாரு. “கரண்ட் போய் வந்தா கம்ப்யூட்டர் எந்திரிக்கு, உம்ம புரோகிராம் எந்திரிக்க மாட்டேங்கு. யாராவது பாஸ்வேர்டு போட்டு உள்ள போய்த் திறந்து விட்டாத்தான் உண்டு. போன மாசம் ரெண்டு மணி நேரம் ஓடாமலே கிடந்திருக்கு.” நியாயம்தான். அதுக்கு வழி இருக்கு. புரோகிராமை சர்வீஸா மாத்தணும்.

சர்வீஸுன்னா, எப்படிச் சொல்ல... ஓட்டலை எடுத்துக்கோங்க. முன்னால பரிமாறுதவன் ஒருத்தன், பின்கட்டுல மாவாட்டுதவன் ஒருத்தன். பரிமாறுதவன் நம்ம கண்ணுக்கு முன்னால நிப்பான், என்ன வேணும்னு கேப்பான். மாவாட்டுதவனை நாம பாத்ததே கிடையாது. கடை திறக்குமுன்னயே அவன் வேலையை ஆரம்பிச்சிருப்பான். சர்வீஸு அந்த மாதிரி. கரண்ட் வந்த உடனே தானா எந்திரிச்சிரும், யாரும் பாஸ்வேர்டு போட வேண்டாம், திறக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்குள்ள அதுக்குன்னு தனியா ஒரு இடம், அங்க உக்காந்து பாட்டுக்கு ஓடும். திரையில ஒரு சின்ன புரோகிராம் மட்டும் வச்சேன். அது சர்வீஸு கடைசியா எழுதின நம்பரை எடுத்துக் காட்டும். சர்வீஸு ஓடுதுன்னா பச்சை லைட்டு, நின்னுட்டுன்னா சிவப்பு. நம்பருக்குக் கீழ எத்தனை மணிக்கு எழுதினதுன்னு நேரமும் போட்டிருந்தேன். ஞானதாஸ் சார்தான் “எதுக்குவே இத்தனை எழுத்து, கண்ணைக் குழப்பிக்கிட்டு”ன்னாரு. எடுத்துட்டேன். இதையும் எவனும் எழுத மாட்டான்.

ரெண்டே நாள்ல முடிச்சேன். பழைய புரோகிராமை அப்படியே தூக்கி சர்வீஸுக்குள்ள வச்சேன். சோதிச்சியான்னு கேக்காங்க. சோதிச்சேன் அண்ணாச்சி. என் மாடியிலதான். சர்வீஸா ஏத்தாம, சாதாரணமா ஓட்டிப் பாத்தேன். தொழில்ல இருக்க எவனைக் கேட்டாலும் அப்படித்தான் செய்வான். சர்வீஸா ஏத்தி, நிறுத்தி, கழட்டி, திருத்தி, மறுபடி ஏத்தின்னா ஒரு நாள் பொழுது அதுலயே போயிரும். முப்பதுன்னு ஒரு பொய் நம்பர் அனுப்பினேன். பெட்டி வந்துச்சு. சைரன் அடிக்கவான்னு கேட்டுச்சு. ஆம்னு அழுத்தினேன். அடிக்கச் சொல்லி உத்தரவு போச்சு. இதுக்கு மேல என்ன சோதிக்க?

எட்டயபுரம் வந்துட்டு போல. டீ குடிக்கீங்களா? நான் இறங்கல.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்... ஆங். ஜூன் பதினஞ்சு தடை நீங்குச்சு. ரெண்டு மாசம் சும்மா கிடந்த கடல்ல வலை போட்டா சும்மாவா? இறால் வண்டி வண்டியா வந்து இறங்குது. இருநூறு பேரு வேலை பாத்த இடத்துல முன்னூறு பேரு. நான் போய் சர்வீஸை ஏத்தினேன். பச்சை எரிஞ்சுது. நம்பர் ஆடுச்சு. ஞானதாஸ் சார் கை கொடுத்தாரு. ஊர்ல இன்னும் நாலு கம்பெனிக்காரங்க கேள்விப்பட்டு எனக்கும் வேணும்னாங்க. அந்த வாரமே நாலு இடத்துலயும் ஏத்திட்டேன்.

மூணாம் நாள் பலவேசம் அண்ணாச்சி போன் பண்ணுதாரு.

“சார், நம்பர் ஆட மாட்டேங்கு. பதினெட்டுலயே நிக்கு.”

“பச்சை எரியுதா?”

“எரியுது சார்.”

“அப்ப என்ன? கேஸு ஒரே அளவுல இருக்குன்னு அர்த்தம். நல்லதுதான அண்ணாச்சி?”

“இல்ல சார், எண்ணெய் வடிச்சேன். வாடை மூக்கைத் துளைக்கு. முன்னயெல்லாம் அப்ப ஒரு பெட்டி வருமே, இப்ப வரக் காணோமே.”

நான் என்ன நினைச்சேன்னா, பழைய ஆளுக்குப் புது சாமான் பிடிக்கலைன்னு நினைச்சேன். எல்லா இடத்துலயும் இது உள்ளதுதான். புதுசா ஒண்ணு மாட்டினா ஒரு மாசத்துக்கு நொள்ளை நொட்டை சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அதனால, “ரீஸ்டார்ட் பண்ணுங்க அண்ணாச்சி”ன்னேன். பண்ணினாரு. நம்பர் ஆடுச்சு. “சரியாயிட்டு சார்”ன்னாரு. சரியாயிட்டுன்னு அவரு வாயாலதான் சொன்னாரு, நான் சொல்லல.

மறுநாளும் போன். “காலையில நல்லா ஆடுது சார். பத்தரை ஆனா நின்னுபோகுது.” ரீஸ்டார்ட். அதுக்கு மறுநாளும் அதே. எனக்கு வேற வேலை இல்லையா? புதுசா நாலு கம்பெனி. நான் வாட்ஸப்ல எழுதி அனுப்பினேன். ‘தினமும் காலை எட்டு மணி, மதியம் பன்னிரண்டு மணி, இரண்டு முறை தவறாமல் ரீஸ்டார்ட் செய்யவும்.’ ஞானதாஸ் சாருக்கும் ஒரு காப்பி. பாத்தீங்களா, அந்த ஒரு மெசேஜ்தான் இன்னைக்கு என்னைக் காப்பாத்தி வச்சிருக்கு. எழுத்துல இருக்கு.

அவரு விடல. பத்து நாள் கழிச்சு நேரா வீட்டுக்கே வந்துட்டாரு. ஷிப்ட் முடிஞ்சு, சைக்கிள்ல. மாடிப்படி ஏறி வாசல்லயே நிக்காரு, உள்ள வாங்கன்னா வர மாட்டேங்காரு, சட்டையெல்லாம் எண்ணெயா இருக்காம். “சார், ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. எனக்கு மனசு சரியில்ல. முன்ன அது என்கிட்டக் கேக்கும் சார். இப்ப கேக்கவே மாட்டேங்கு”ன்னாரு. நான், “வாடையை வச்சு கேஸை அளக்க முடியாது அண்ணாச்சி. மூக்கு ஏமாத்தும், மிஷின் ஏமாத்தாது”ன்னேன். அதோட விடல, கோவத்துல ஒரு காரியம் பண்ணினேன். ‘வாடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். திரையைப் பார்க்கவும்’னு பெரிய எழுத்துல அடிச்சு, லேமினேஷன் பண்ணி, மறுநாளே கொண்டுபோய்க் கம்ப்யூட்டருக்கு மேல ஒட்டினேன். ஞானதாஸ் சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “இது தேவைதான், இந்தப் பொம்பளைங்க வாடை அடிக்குன்னு சும்மா சும்மா எந்திரிச்சுப் போயிருதாளுவ”ன்னாரு. போன கையோட அன்னைக்கே நான் சர்வீஸையும் திறந்து பாத்திருக்கலாம். பாக்கல. ஓடிக்கிட்டு இருக்கதை எதுக்குத் தொடணும்? பச்சை எரியுதே.

ஜூலை ஒன்பது. அன்னைக்கு ஐஸ் அரைக்க மிஷின்ல பெல்ட் அத்துட்டு. வாசல்ல லாரி வரிசையா நிக்கு, இறால் வெயில்ல கிடக்கு. ஞானதாஸ் சார் பதினொண்ணேமுக்காலுக்கு பலவேசம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, நீ போய் அதைப் பாருன்னு அனுப்பிட்டாரு. பன்னிரண்டு மணி ரீஸ்டார்ட் நடக்கல. இதுதான் கேஸே.

ரெண்டு மணி போல ஒரு வால்வு கசிய ஆரம்பிச்சிருக்கு. பேக்கிங் ஹால்ல சூப்பர்வைசர் லூர்தம்மாள்னு ஒருத்தங்க. அம்பது வயசு இருக்கும். அவங்களுக்கு வாடை தெரிஞ்சிட்டு. பொம்பளைங்களை எந்திரிச்சு நிக்கச் சொல்லிட்டு, சேலை முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு கம்ப்ரஸர் ரூமுக்கு வந்திருக்காங்க. அங்க யாரும் இல்ல. திரையில பதினெட்டு. பச்சை லைட்டு. மேல என் போர்டு. நின்னு வாசிச்சிருக்காங்க. திரும்பிப் போய், “ஒண்ணும் இல்லட்டீ, கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன், உக்காருங்க”ன்னு சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரியில கிடந்த புள்ளைங்க எல்லாம் ஒண்ணு போல இதைத்தான் சொல்லியிருக்கு.

எனக்கு ஆத்திரமா வருது அண்ணாச்சி. மூக்கு இருக்குல்ல? வாடை அடிக்குதுன்னா ஓட வேண்டியதுதான? கம்ப்யூட்டரை என்னத்துக்குப் போய்ப் பாக்கணும்?

என்ன? போர்டா? போர்டு பொதுவா ஒட்டினது. அன்னைக்குன்னு ஒட்டினதா?

இருபது நிமிஷம் உக்காந்திருக்காங்க. பிறகு அந்த வால்வு பிச்சுக்கிட்டு அடிச்சிருக்கு. ஹால் பூரா வெள்ளையா புகை. கதவு ரெண்டு, பொம்பளைங்க முன்னூறு. லூர்தம்மாள் கடைசி ஆளைத் தள்ளிவிட்டுட்டுப் போவோம்னு நின்னுருக்காங்க. அவங்க வெளிய வரல. பலவேசம் அண்ணாச்சி ஐஸ் மிஷின்ல இருந்து ஓடி வந்தவரு, எல்லாரும் வெளிய ஓட, இவரு உள்ள ஓடியிருக்காரு. எந்த வால்வுன்னு சத்தத்தை வச்சே தெரிஞ்சிருக்கு. முகமூடி கிடையாது. தடவிப் போய்த் திருகி மூடிட்டாரு. மூடுத நேரத்துல நேரா மூஞ்சியில அடிச்சிட்டு. அவரு மூடலைன்னா செத்தவங்க ஒண்ணு இல்ல, அம்பதோ நூறோ. அதை நானே சொல்லுதேன். யாரு கேட்டாலும் சொல்லுவேன்.

அப்பவும் சைரன் அடிக்கல.

அதுதான் எனக்கு இடிச்சுது. நம்பர் நின்னுருக்கலாம், சரி. சர்வீஸு ஓடுதுல்லா? பச்சைல்லா? லீக் ஆன மூணாம் நாளு, மத்தியானம், மாடியில உக்காந்து அதை முதல் தடவையா என் கம்ப்யூட்டர்ல சர்வீஸாவே ஏத்தினேன். முப்பதுன்னு பொய் நம்பர் அனுப்பினேன். பெட்டி வருதான்னு பாத்தேன். வரல. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். வரல. பச்சை எரியுது. நாப்பது அனுப்பினேன். நூறு அனுப்பினேன். நம்பர் ஆடவே இல்ல. கீழ இருந்து வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிடுதா, நான் திரும்பவும் முப்பது அனுப்புதேன்.

பெட்டி வந்திருக்கு அண்ணாச்சி. வராம இல்ல. சர்வீஸு இருக்க இடத்துல வந்திருக்கு. அங்க திரை கிடையாது. மவுஸு கிடையாது. மனுசன் போக முடியாது. அங்க நின்னுக்கிட்டு அது கேக்கு, சைரன் அடிக்கவான்னு. யாரு அழுத்துவா? பதில் வர்ற வரைக்கும் அடுத்த நம்பரை வாங்காதேன்னு நான்தான் எழுதி வச்சிருக்கேன். வாங்காம நிக்கு. ஓடிக்கிட்டேதான் நிக்கு. இருபத்துநாலு நாளு, தினமும் பத்தரைக்கு அவரு எண்ணெய் வடிச்ச உடனே அது கேட்டிருக்கு. ரீஸ்டார்ட் பண்ணினா பழைய கேள்வி போயிரும், அடுத்த தடவை கேஸு கூடும்போது புதுக் கேள்வி. சர்வீஸுல பெட்டி போடக் கூடாதுங்கிறது தொழில்ல முதல் பாடம். புதுசா வர்றவன்கூடச் சொல்லிருவான். எனக்கும் தெரியும். பழசை அப்படியே தூக்கி வச்சேன்ல, அது ஒண்ணு உள்ள கிடக்குன்னு மறந்துட்டேன்.

ஒரே ஒரு வரி அண்ணாச்சி. முப்பதாயிரம் வரியில ஒரு வரி.

இல்ல, யாருக்கும் சொல்லல. உங்ககிட்டதான். மதுரையில இறங்கினா நீங்க யாரோ, நான் யாரோ. போலீஸு அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போயிருக்காங்க. போகட்டும். லீக் ஆன அன்னைக்கே மெயின் கரண்டை அமத்திட்டாங்க. கரண்ட் போனா பெட்டியும் போயிரும். நின்ன தடம் இருக்காது. புரோகிராமைப் படிச்சுப் பாத்தாலும், சைரன் அடிக்கவான்னு ஒரு பெட்டி இருக்கு, அவ்வளவுதான் தெரியும். பொறுப்பா எழுதியிருக்கான்னுதான் நினைப்பாங்க.

மத்த நாலு கம்பெனியா? ஓடுது. நேத்துக்கூட விசாரிச்சேன், பச்சைன்னாங்க. எட்டு மாசமா ஒண்ணும் ஆகலையே. மாத்தணும், மாத்தணும்னுதான் இருக்கேன். ஆனா இப்ப போய்க் கை வச்சா எதுக்கு மாத்துதன்னு கேப்பாங்கல்லா? விசாரணை நடக்கும்போது புரோகிராமை மாத்தினான்னு ஒரு பேச்சு வரும். இது முடியட்டும். முடிஞ்ச உடனே சத்தமில்லாம நாலையும் மாத்திருவேன். அதுவரைக்கும் தினமும் மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருக்கேன்.

சைரனா? அடிக்காது. ரீஸ்டார்ட் பண்ணினாலும் அடிக்காது. முதல் தடவை கூடும்போதே பெட்டி வந்து நின்னுரும்ல.

அப்படிப் பாக்காதீங்க அண்ணாச்சி. நான் ராத்திரி தூங்குதேன்னா நினைக்கீங்க? பச்சையா எதைப் பாத்தாலும் முகத்தைத் திருப்பிக்கிடுதேன்.

இன்னைக்கு என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். கம்பெனி வக்கீலு போன வாரமே கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லிட்டாரு. ரெண்டே கேள்வி. மதியம் பன்னிரண்டுக்கு ரீஸ்டார்ட் பண்ணணும்னு ஆபரேட்டருக்கு எழுத்துல சொன்னியா? சொன்னேன். அன்னைக்கு அவரு பண்ணினாரா? பண்ணல. முடிஞ்சுது. ரெண்டும் சத்தியம். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லப் போறதில்ல. பண்ணியிருந்தா சைரன் அடிச்சிருக்குமான்னு மூணாவதா ஒண்ணு கேக்கலாம். கேக்க மாட்டாங்க. கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது. கேக்காத கேள்விக்கு எந்தச் சாட்சியாவது பதில் சொல்லுவானா, நீங்களே சொல்லுங்க?

அருப்புக்கோட்டை தாண்டிட்டா? அப்ப இன்னும் ஒரு மணி நேரம்தான்.

நேத்து சாயங்காலம் அவரு மக போன் பண்ணிச்சு. இசக்கிபிரியான்னு பேரு, காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்ப அப்பாவைப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கு. நான் எடுக்க வேண்டாம்னுதான் நினைச்சேன். என்னமோ எடுத்துட்டேன். கோவமாப் பேசும்னு பாத்தா, அந்தப் புள்ள குரல்ல ஒரு மரியாதை. “மாமா, அப்பா கேக்கச் சொன்னாங்க. நீங்க நாளைக்கு வாரீங்கல்ல?”ன்னுச்சு. வாரேன்மான்னேன். பின்னால அவரு சத்தம் கேக்கு, கேளு, கேளுங்காரு. “அப்பாவுக்கு ஆபீஸுன்னாலே பயம் மாமா. இப்ப யாரு பேசுதாங்கன்னும் தெரியாது. நயினார் சார்கிட்ட நான் அத்தனை தடவை சொன்னேன், அவருக்கு எல்லாம் தெரியும், உள்ளதைச் சொல்லிருவாருன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. உங்க குரல் கேட்டாத் தைரியமா இருக்குமாம். முதல்ல உங்களைப் பேசச் சொல்லிக் கேக்கலாமா மாமா?”

நான் என்ன சொல்ல, அண்ணாச்சி? புள்ள கேக்கு.

சரிம்மா, நானே முதல்ல பேசுதேன்னு சொல்லியிருக்கேன்.